ஆசிரியருக்கும் ஒரு துணை வேண்டும்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை. ஒரே ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். பள்ளிகள் மூடப்படும் நாட்களில் ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கக்கூடிய தன்னார்வ நிபுணர்களின் பட்டியலை, பள்ளிகள் திறந்திருக்கும்போதே, ஒரு வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான உங்கள் வட்டார வள மையம் ஒவ்வொன்றிலும் தயார் செய்து வையுங்கள்.

கொரோனாதான் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இது என்று தோன்றலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னையும் சுற்றியுள்ள மாவட்டங்களும் முடங்கின. அதே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம் தத்தளித்தது. பள்ளியைப் பூட்டிவைக்கும் நாட்கள் இனி வராது என்று யாராலும் சொல்ல முடியாது.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கு 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள் திரும்பி வந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். அந்த நெடுங்காலத்தில் கைகொடுத்தவை எவை? கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது. பாடப்புத்தகங்களில் கியூஆர் குறியீடுகள் 2018 முதலே இருந்தன. முன்பே இருந்ததால்தான் அவை உதவின. ஆனால் தொலைக்காட்சியால் பிள்ளையின் நோட்டைப் பார்க்க முடியாதே. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அதைக் கண்டுபிடித்துத் திருத்த அவர்களைத் தெரிந்த ஆசிரியர் வேண்டும்.

அப்புறம் 2021 அக்டோபரில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் பிள்ளைகளைத் தேடித் தெருவுக்கே போனார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுகள், கையில் ஒரு செல்போனை வைத்துக்கொண்டு தனியாகத் திண்டாடிய ஆசிரியரைத் தேடி வந்தவர்கள் மிகக் குறைவு. எங்களில் பலருடைய வீட்டில் அந்த ஒரு போனில்தான் எங்கள் சொந்தப் பிள்ளைகளும் படித்தார்கள்.

எனக்கு ஒருவர் கிடைத்தார். எங்கள் பள்ளியிலேயே படித்து, பெங்களூரில் மென்பொருள் வேலை பார்த்த பெண். ஊரடங்கில் ஊருக்கு வந்திருந்தார். உதவட்டுமா என்று வந்தவர் எந்தச் செயலியையும் எனக்குப் பரிந்துரைக்கவில்லை. முதலில் கேட்ட கேள்வியே வேறு: "டீச்சர், பிள்ளைங்க வீட்டுல என்ன போன் இருக்கு? அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்?"

போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு ஏழு மணிக்கு மேல்தான் பிள்ளையின் கைக்கு வரும். அதனால் நேரலை வகுப்பு என்ற எண்ணத்தையே விட்டோம். மூன்று நிமிடத்துக்கு மிகாத ஒரு குரல் பதிவு, கூடவே கையால் எழுதிய ஒரு பக்கத்தின் படம். ஜன்னல் வெளிச்சத்தில் எப்படிப் படம் எடுத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும், கோப்பின் அளவை எப்படிக் குறைத்தால் டேட்டா தீராது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வாட்ஸ்அப் குழுவில் விடை போடச் சொன்னால் நன்றாகப் படிக்கும் நாலு பேர்தான் போடுவார்கள், மற்றவர்கள் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள் என்பதைக் கவனித்து, விடைகளைத் தனித்தனியாக எனக்கே அனுப்பும்படி மாற்றியதும் அவர் யோசனைதான். பட்டன் போன் மட்டும் உள்ள வீடுகளுக்கு கான்ஃபரன்ஸ் கால். நாலைந்து பிள்ளைகளை ஒரே அழைப்பில் சேர்த்து வாய்க்கணக்கு போடுவோம். ஸ்மார்ட்போன் வைத்திருந்த பிள்ளைகளைவிட அந்தக் குழுவில்தான் அதிகக் கலகலப்பு!

வகுப்பு என்னுடையதாகவே இருந்தது. எந்தப் பிள்ளை அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டான், எந்த வீட்டில் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாததை அவர் பார்த்துக்கொண்டார். இந்த வேலைப் பிரிவினையைத்தான் நீங்கள் பரவலாக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

அதே காலத்தில் வேறு வகை உதவியும் வந்தது. நூற்றுக்கணக்கான ஆசிரியர்களை ஜூமில் உட்காரவைத்து, எங்கள் பிள்ளைகளின் போனில் நிறுவவே முடியாத செயலிகளைப் பற்றிய உரை. முடிவில் ஒரு மின்சான்றிதழ். என்னிடம் அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நிறைய உண்டு. மறுநாள் காலை பாடம் நடத்த அவற்றில் ஒன்றுகூட உதவவில்லை. தயவுசெய்து இந்தத் திட்டத்தை இன்னொரு இணையவழிக் கருத்தரங்காக ஆக்கிவிடாதீர்கள்.

நிபுணர் என்றால் கணினி தெரிந்தவர் மட்டுமல்ல. காது கேளாத ஒரு மாணவிக்குக் குரல் பதிவால் என்ன பயன்? முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று, உதட்டசைவு தெரியப் பேசி, கீழே நாலு வரி எழுத்தும் சேர்த்துக் குறுங்காணொளி அனுப்புங்கள் என்று சொன்னவர், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஒரு சிறப்பாசிரியர். அவரை யார் யாரையோ கேட்டு, தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். அந்தத் தற்செயல் வாய்க்காத பள்ளிகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

பட்டியலில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சிறப்பாசிரியர்கள், மனநல ஆலோசகர்கள், பாலிடெக்னிக் விரிவுரையாளர்கள், முன்னாள் மாணவர்கள் எல்லோரும் இருக்கட்டும். நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி திட்டத்தில் பள்ளிகளுக்கு உதவ விரும்புவோரை ஏற்கெனவே அழைத்திருக்கிறீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கு இடமும் தந்திருக்கிறீர்கள். பணமும் பொருளும் கேட்கும் இடத்தில், அவர்களுடைய வாரத்தில் இரண்டு மணி நேரத்தையும் கேளுங்கள்.

சில கட்டுப்பாடுகள் கட்டாயம் வேண்டும். பிள்ளைகளின் தொலைபேசி எண்களோ படங்களோ தன்னார்வலர் கைக்குப் போகக் கூடாது. அவர் பேசுவது ஆசிரியரிடம் மட்டும். ஆசிரியரை மதிப்பிட்டு அறிக்கை அனுப்பும் வேலையும் அவருக்கு வேண்டாம். இந்த உதவியைக் கணக்குக் காட்ட, பள்ளி விவரங்களை நாங்கள் பதிவேற்றும் எமிஸ் இணையதளத்தில் இன்னொரு பதிவைச் சேர்த்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் முதல் மாதத்திலேயே ஆசிரியர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

வெள்ளக் காலம் வேறு மாதிரி என்பதும் எனக்குத் தெரியும். முதல் சில நாட்கள் மின்சாரமும் இருக்காது, டவரும் இருக்காது. அப்போது பாடத்தைப் பற்றிப் பேசுவதே தவறு. தண்ணீர் வடிந்த பிறகு, புத்தகம் நனைந்துபோன, பயந்துபோயிருக்கும் பிள்ளையிடம் எதிலிருந்து தொடங்குவது என்பதற்குத்தான் அனுபவமுள்ள ஒருவரின் துணை வேண்டும். அந்த நேரத்தில் புதிதாக ஒருவரைத் தேடி அறிமுகம் செய்துகொள்ள யாருக்கும் தெம்பு இருக்காது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் ஒரு குறுவள மையக் கூட்டத்தில், ஒரு மணி நேரம் ஒதுக்கினால்கூட ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். மாநிலம் முழுக்க ஒரே நாளில் வேண்டாம். அடிக்கடி மழைக்கு மூடும் கடலோர மாவட்டங்களில் சில வட்டாரங்களை எடுத்துக்கொண்டு செய்து பாருங்கள். எங்கள் வட்டாரத்தில் தொடங்குவதானால், மேலே சொன்ன இருவரும் பட்டியலில் சேரச் சம்மதித்திருக்கிறார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
ஓர் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை