மஞ்சுவுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள மஞ்சு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். போன்ல கேட்டா "அப்புறம் பேசறேம்மா"ன்னு வெச்சிடற, அதான் எழுதறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

தடைக்காலம். ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது, துறைமுகமே வெறிச்சோடிக் கெடக்கு. இறால் உரிக்கிற வேலையும் இல்ல. அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான். அந்தக் குளுக்கோசமைன் மாத்திரைய இறால் ஓட்டுலேருந்து எடுக்கறாங்கன்னு நீ சொன்னதை இன்னும் நம்ப மாட்டேங்கறார். நாம கொட்டுற குப்பைய நமக்கே விக்கிறானுங்களான்னு கேக்கறார்.

இப்ப ஓட்டைக் கடுமையான ஆசிட்டுல போட்டு எடுக்கறாங்க, கடல்ல விப்ரியோ மாதிரி கிருமிங்க கைட்டினேஸ்னு ஒரு நொதிய வெச்சே அதை நறுக்கித் தின்னுடுதுன்னியே, அதை கம்பெனியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். தெய்வானை அக்கா, "அந்தக் கிருமிய இங்க கொண்டாந்து விடச் சொல்லு, நம்ம கையாவது நோவாம இருக்கும்"னா. சதைய விட்டுட்டு ஓட்டை மட்டும் திங்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல.

பரங்கிப்பேட்டையில படிச்சப்போ வெள்ளாத்துச் சேத்தை பாட்டில்ல அள்ளிக்கிட்டு வருவ. இப்ப ஒரு கிருமியோட டிஎன்ஏ-வுல இருக்கிற நாப்பது அம்பது லட்சம் எழுத்தையும் மிஷின் துண்டு துண்டாப் படிக்குது, கம்ப்யூட்டர் சேத்து ஒட்டுது, தெரிஞ்ச ஜீனோட ஒத்துப் பாத்து எது நொதி செய்யும்னு குறிச்சு, அந்த ஜீனை ஈ-கோலின்னு லேபுல வளக்கற கிருமிக்குள்ள வெச்சு நொதிய செய்ய வைக்கணும்ன. ஒத்துப்போனாலும் பல சமயம் வேலை செய்யாதாமே. எட்டாவது படிச்ச எனக்கு இவ்வளவையும் புரிய வெச்சவளுக்கு, சாதாரண விஷயத்தைச் சொல்ல வாய் வரலையா?

மிஷினுக்கு அனுப்ப ரொம்பச் செலவாகுமா? சில பேரு கைக்காசு போட்டுச் செய்யறாங்களாம். கீழத்தெருப் பையனுக்கு உதவித்தொகை மாசக்கணக்கா வரலையாம். அவனைத்தான் சொல்றேன்.

வீடியோல பாத்தேன், இந்த வெயில்ல கழுத்துல துப்பட்டா சுத்தியிருந்த. காதுல ஆயாவோட ஜிமிக்கியும் இல்ல. லேபுல போடக்கூடாதுன்னா சரி. நேரத்துக்குச் சாப்பிடு, உப்புமாவோட நிறுத்தாத.

எதுக்கும் தெரிஞ்சு வெச்சுக்க: அடகுக்கடையில வட்டி ஏறிக்கிட்டே போகும், பேங்குல கம்மி, ரசீதைத் தொலைக்கக் கூடாது. தெய்வானை அக்கா பொண்ணு கேட்டா, அந்த ஞாபகத்துல எழுதிட்டேன்.

சீட்டைத் தள்ளி இந்த மாசமே எடுத்துட்டேன். பணம் உன் கணக்குல இருக்கு. அப்பாவுக்குத் தெரியாது. திருப்பி அனுப்பாத.

அம்மா