எழும்பூர் ஆலயத்தைத் தாங்கும் உறைகிணறுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையின் பழைய கட்டடங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். எழும்பூர் தூய அந்திரேயா ஆலயத்தைப் பற்றிய கட்டுரையில், அது லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் நகல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்குக் குறையாகப் பட்டது. கட்டட மேற்பார்வையாளனாக நாற்பது ஆண்டுகள் இந்த ஊர் மண்ணைத் தோண்டிப் பார்த்தவன் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

லண்டன் சாயல் இருப்பது உண்மைதான். முகப்புத் தூண்களும், அவற்றின் பின்னிருந்து 166 அடிக்கு மேல் உயரும் ஊசிக் கோபுரமும், ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1726-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஆலயத்தையே நினைவூட்டும். ஆனால் அங்கே இருப்பது நீள்சதுரக் கூடம். இங்கே இருப்பது வட்டக் கூடம். கிப்ஸ் வட்ட வடிவிலும் வரைபடம் போட்டிருந்தார், லண்டனில் அது கட்டப்படவில்லை. ஸ்காட்லாந்து சபையாருக்காக 1818-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1821-இல் திறக்கப்பட்ட எழும்பூர் ஆலயத்தில் அந்த வட்டம் எழுந்து நிற்கிறது. அதைக் கட்டியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைப் பொறியாளர் மேஜர் தாமஸ் டி ஹேவிலண்ட். செங்கல்லின் மீது அவருக்கு அசாத்திய நம்பிக்கை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தம் தோட்டத்திலேயே நூறடிக்கு மேல் அகலமுள்ள செங்கல் வளைவு ஒன்றைக் கட்டிக் காட்டியவர் அவர். அது 1937 வரை நின்றது.

எழும்பூரிலும் கறையானுக்கு இடம் கொடுக்காமல், கூரையை மரமின்றியே முடித்தார். பதினாறு தூண்களின் மேல், 51½ அடி விட்டமுள்ள குவிமாடம். செங்கல் வளைவுகளுக்கு இடையே சுடுமண் கூம்புகளை அடுக்கிக் கட்டியது அது. நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், நீலப் பின்னணியில் பொன் விண்மீன்கள்தான் தெரியும். அவற்றின் பின்னே குயவர் கைவேலை இருப்பது தெரியாது.

இவ்வளவு பாரத்தையும் தாங்குவது எது என்பதுதான் கட்டுரையில் விடுபட்ட செய்தி. கூவத்தை ஒட்டிய அந்த நிலத்தில் ஐப்பசி மழைக்குப் பின் கொஞ்சம் தோண்டினாலே நீர் சுரக்கும். சாதாரணமாகக் குழி தோண்டி அடித்தளம் போட்டால் கோபுரம் ஒரு பக்கமாக இறங்கியிருக்கும். ஆகவே சுமார் 150 உறைகிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் ஆலயத்தை எழுப்பினார்கள். இடத்திற்கேற்ப 14 அடியிலிருந்து 50 அடி வரை ஆழம்.

உறை என்பது கிணற்றின் சுற்றுச்சுவராக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வளையம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உறை இறக்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தரையில் உறையை வைத்து, ஒருவர் அதற்குள் குத்துக்காலிட்டு அமர்ந்து விளிம்புக்கு அடியிலுள்ள மணலைச் சுற்றிச் சுற்றி வாரிக் கூடையில் போடுவார். மேலே இருப்பவர்கள் கயிற்றில் இழுப்பார்கள். அடிமணல் விலக விலக, உறை தன் பாரத்திலேயே முனகிக்கொண்டு கீழே இறங்கும். மேலே அடுத்த உறையை ஏற்றுவார்கள். ஒரு பக்கம் அரை விரல் கூடுதலாக வாரிவிட்டால் உறை சாய்ந்துவிடும், பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. எங்கள் மேஸ்திரி தூக்குக்குண்டைப் பார்ப்பதற்கு முன்பே, உறை இறங்கும் சத்தத்தை வைத்துச் சாய்வைச் சொல்லிவிடுவார். கீழடி அகழாய்விலும் உறைகிணறுகள் கிடைத்திருக்கின்றன. இந்த வித்தை கப்பலில் வந்ததன்று. உள்ளூர் வழக்கத்தைத் தயங்காமல் கையாண்டதுதான் டி ஹேவிலண்டின் கெட்டிக்காரத்தனம் என்பது என் கருத்து.

இதை இப்போது எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. எழும்பூர், புரசைவாக்கம் பகுதிகளில் வாகன நிறுத்தத்துக்காக நிலத்தடியில் இரண்டு தளம் தோண்டுவது வழக்கமாகிவிட்டது. அத்தகைய பள்ளங்களில் இரவு பகலாக மோட்டார் வைத்து நீரை இறைக்கும்போது அக்கம்பக்கத்து நிலத்தடி நீர்மட்டம் தாழும். கவனக்குறைவாக இறைத்தால் நீரோடு நுண்மணலும் வெளியேறும். மணலில் நிற்கும் பழைய அடித்தளம் எதற்கும் இது நல்லதன்று. மண்ணுக்குள் இருப்பது தெரியாததால், பாதுகாப்பு என்றவுடன் வெள்ளையடிப்பதையும் விரிசல் பூசுவதையும் மட்டுமே பேசுகிறோம்.

பழமையான கட்டடங்களுக்கு அருகே ஆழமாகத் தோண்ட அனுமதி வழங்கும்போது, இறைக்கும் நீரில் மணல் வருகிறதா என்று நாள்தோறும் சோதிப்பதையும், அருகிலுள்ள கட்டடத்தின் மட்டத்தை வாரம் ஒருமுறை அளந்து குறிப்பதையும் நிபந்தனையாக்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவு ஆகாது. தங்கள் கட்டுரை மறுபதிப்புக் காணுமானால், கோபுரத்தின் உயரத்தோடு கிணறுகளின் ஆழத்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
புரசைவாக்கம், சென்னை.