வயலைக் காயவிடுவது ஒரு ஆளின் முடிவல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பருவநிலை மாற்றம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மழை பொய்த்தால் வானத்தையும் வெள்ளம் வந்தால் அரசாங்கத்தையும் திட்டுகிற காவிரி டெல்டா விவசாயி, தன் பங்குக்கு எதையும் மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லை என்பதுதான் அதன் சாரம். நீடாமங்கலம் பக்கத்தில் நெல் போடுகிறவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன். கட்டுரையாளர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் எங்களைப் பிடித்துக் கேட்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, எங்கள் கையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் வந்து பிடித்திருக்கிறார்.

பருவநிலை மாறுகிறது என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிக் கொட்டிய மழையில் கதிர் முற்றிய சம்பா படுத்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடியும் அதே கதை. தை பிறந்தால் காய்ந்துவிடும் என்று நம்பித்தான் சம்பா அறுப்பையே வைத்திருக்கிறோம். அந்த நம்பிக்கை போன பிறகு, நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு எப்போது இறங்கும் என்று கிளறிக்கொண்டு நிற்பதே வேலையாகிவிட்டது. மேட்டூரும் அப்படித்தான். பாசனத்துக்கு அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 என்பது எங்களுக்குத் திருவிழாத் தேதி மாதிரி. 2024-இல் அணை திறந்தது ஜூலை 28-ஆம் தேதி.

இதையெல்லாம் பார்த்து நாங்கள் மாறாமல் இல்லை. நாற்றங்காலுக்குத் தண்ணீர் வருமோ வராதோ என்று நேரடி விதைப்புக்குப் போனவர்கள் ஏராளம். முழுகினாலும் சில நாள் தாக்குப்பிடிக்கும் என்று சி.ஆர்.1009 சப்-1 ரகத்தைத் தேடி வாங்குகிறோம். ஆனால் இதெல்லாம் வெள்ளத்திலிருந்தும் வறட்சியிலிருந்தும் தப்பிப்பதற்கு. கட்டுரையாளர் கேட்பது, பூமியைச் சூடாக்கும் வாயுவை விவசாயி தன் வயலில் குறைத்தானா என்று. அது வேறு கேள்வி. அதற்கும் நேராகவே பதில் சொல்கிறேன்.

தண்ணீர் கட்டிய வயலில் மண்ணுக்குக் காற்று போகாது. அங்கே வேலை செய்கிற நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெல் தண்டு வழியாகவே வெளியே வருகிறது. அறிவியலில் எனக்குச் சந்தேகம் இல்லை. சொல்லப்படுகிற விதம்தான் இடிக்கிறது. நிலத்தடியிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகக் கூட்டம் போட்ட மண் இது. இயற்கை வேளாண்மைக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் அத்திவெட்டியில் கண்மூடியதும் அந்தப் போராட்டத்தின் நடுவில்தான். அப்படிப்பட்ட ஊரில் வந்து, உங்கள் வயல்தான் மீத்தேன் விடுகிறது என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு, மீத்தேனைக் குறைக்கச் சொல்லி வருகிறவர்கள் காட்டும் வழி, வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை. ஒரு அடி நீளத்துக்கு பி.வி.சி. பைப்பை அறுத்து, கீழ்ப் பாதியில் சுற்றிலும் ஓட்டை போட்டு, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் நட வேண்டும். உள்ளே இருக்கிற சேற்றைக் கையால் தோண்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மட்டம் தெரியாது. மண்ணுக்கு மேல் நீர் இல்லாவிட்டாலும் பைப்புக்குள் அரையடி ஆழத்துக்கு இறங்கும் வரை பொறுத்திருந்து, அப்புறம் பாய்ச்ச வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இப்படிப் பல தடவை காய விட்டால், எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலைவிட மீத்தேன் பாதி அளவுக்குக் குறையும் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு கணக்கு வைத்திருக்கிறது. மகசூலும் பெரிதாக அடிபடாது.

சரி, நல்ல முறைதானே, ஏன் செய்யவில்லை?

ஆற்றுப் பாசனத்தில் எங்களில் பலருக்குத் தனி வாமடை, அதாவது வாய்க்காலிலிருந்து வயலுக்கு நேராகத் தண்ணீர் வரும் வழி, கிடையாது. மேல் வயலில் நிறைந்து வழிவதுதான் கீழ் வயலுக்கு. நான் என் மூன்று மா நிலத்தைக் காயவிட்டால் எனக்குக் கீழே இருக்கிறவர் பயிர் கருகும். அவர் என் வரப்பை வெட்டுவார். நியாயம் அவர் பக்கம்தான் இருக்கும். அதுவும் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலத்தில், இன்றைக்கு வரும் தண்ணீரை வேண்டாம் என்று விட்டால் அடுத்த முறை சொன்ன நாளில் வரும் என்று யார் உத்தரவாதம் தருவது? வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் ஊழியரான லஸ்கரிடம் கேட்டால் அவருக்கே தெரியாது. வருகிற தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்வது பேராசை இல்லை, பயம். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போய்க் காயவிடச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் வயல் சொல்லாமலே காய்ந்துகொண்டிருக்கிறது.

சம்பாவில் நிலைமை இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் வடிகால் எல்லாம் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்குமாக அடைத்துக்கொண்டிருக்கும்போது இடுப்பளவுத் தண்ணீரை நான் எங்கே வடிப்பது? அப்புறம் களை. தண்ணீர் நின்றால் கோரையும் குதிரைவாலிப் புல்லும் அமுங்கிக் கிடக்கும், காயவிட்டால் கிளம்பிவிடும். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகாது. எங்கள் களிமண்ணில் ஒரு நாள் அசந்தால் மயிரிழை வெடிப்பு பாளமாகப் பிளந்து, அடுத்துப் பாய்ச்சும் தண்ணீரெல்லாம் உள்ளே போய்விடும்.

ஆனால் இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்ள முடியாத ஒரு கூட்டம் எங்களுக்குள்ளேயே இருக்கிறது: போர்வெல் வைத்து, மழைக்காலத்துக்கு முன் வரும் குறுகிய கால நெல்லான குறுவையைப் போடுகிறவர்கள். மழைக்காலம் இல்லை, முறை வைப்பு இல்லை, மேல் வயல்காரன் தயவு தேவையில்லை. மோட்டாரை நிறுத்தினால் வயல் காயும், அவ்வளவுதான். ஆனால் நிறுத்துவதில்லை. ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மும்முனை மின்சாரம் வரும்போதெல்லாம் மோட்டார் தானாக ஓடி, வரப்பு வழிந்து வாய்க்காலில் கலந்துகொண்டிருக்கும். 1990 முதல் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். அதை நிறுத்தச் சொல்கிறவன் நான் இல்லை. அது போனால் முதலில் சாவது சிறு விவசாயிதான். ஆனால் தண்ணீரை மிச்சப்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் பைசா வித்தியாசம் இல்லை என்கிற நிலையில் அந்த பைப்பை யார் குனிந்து பார்ப்பார்கள்? மிச்சப்படுத்துகிறவனுக்கு ஏதாவது கொடுக்கலாமே என்று மட்டும் கேட்கிறேன்.

யூரியா விஷயத்தில் எல்லோருமே குற்றவாளிகள், என் தெரு முழுக்க. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் சொச்சம், டி.ஏ.பி. உர மூட்டை 1,350. பயிர் லேசாக வெளுத்தால் போதும், இன்னொரு மூட்டையை வீசிவிட்டு வருகிறோம். பயிர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் சூடேற்றுவது அது. அதிலும் வயலைக் காயவிட்டு நனைக்கும்போது இது கூடும். ஆகவே யூரியாவைக் குறைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலும் மட்டும் செய்வது அரைகுறை வேலை. இலையை வைத்துப் பார்த்து உரம் போட வேளாண் பல்கலைக்கழகம் இலை வண்ண அட்டை என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இதற்கு அண்டை வயல்காரர் சம்மதம் வேண்டாம், அணை திறக்க வேண்டாம். கட்டுரையாளர் இதை எழுதி எங்களைக் குத்தியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

தண்ணீர் விஷயத்தில் தனி விவசாயியின் மனமாற்றத்தை எதிர்பார்ப்பது வீண். பஞ்சாபைப் பாருங்கள். நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-இல் சட்டம் போட்டு நடவை ஜூனுக்குத் தள்ளினார்கள். அறுப்பும் தள்ளிப்போய், கோதுமை விதைப்புக்கு நாள் போதாமல் வைக்கோலுக்குத் தீ வைப்பது அதிகமானது. ஊரெல்லாம் பஞ்சாப் விவசாயிக்குப் பொறுப்பில்லை என்று பேசியது. தேதியை மாற்றியது அவன் இல்லை.

இங்கே செய்ய வேண்டியதை வாய்க்கால் அளவில் செய்ய வேண்டும். பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க 2000-இல் சட்டம் வந்தது. பாசன சங்கங்கள் பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கின்றன. குறுவையில் இந்த வாய்க்காலுக்கு இந்த நாளில் தண்ணீர், இந்த நாளில் அடைப்பு என்று நீர்வளத் துறை முன்கூட்டியே அறிவித்து, சொன்ன தேதியில் விடட்டும். பைப்பை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துப் படம் எடுப்பதற்குப் பதிலாக, ஒரு வாய்க்காலில் தலைப்பு முதல் கடைசி வரை ஒரே பருவத்தில் நட்டுப் பார்க்கட்டும். களை மருந்து தெளிப்பதற்கோ களைக் கருவிக்கோ அந்தப் பருவத்தில் உதவி செய்யட்டும். வாயுவைக் குறைத்தால் அதற்குப் பணம் தரும் கார்பன் கிரெடிட் என்று கையெழுத்துக் கேட்டு வருகிறார்கள். கோயில் நிலத்திலும் பெரியவர்கள் நிலத்திலும் வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவன் நிலம் தன்னுடையது என்று எந்தச் சிட்டாவைக் காட்டுவான்? பலன் அவனுக்குப் போகிற மாதிரி முதலில் வழி செய்யட்டும்.

கட்டுரையாளர் மறுபடி இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் குறுவை பச்சை பிடித்து நிற்கும்போது வரச் சொல்லுங்கள். போர்வெல்காரர் ஒருவர், வாய்க்கால் தலைப்பில் ஒருவர், கடைமடையில் ஒருவர், குத்தகைக்காரர் ஒருவர் என்று நான்கு பேரிடம் தனித்தனியாகப் பேசட்டும். டெல்டா விவசாயி என்று ஒரே ஆளாக எழுதும் வழக்கம் அதோடு போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.