உடனே நிறுத்திவிடாதே

வெள்ளவத்தை

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். தம்பியின் வேலை விடயத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

நான் பாமசியில் நின்ற காலத்தில் மாதந்தோறும் வந்து, உனக்கு டொஃபி தந்துவிட்டுப் போகும் ஆசிரியையை நீ மறந்திருக்க மாட்டாய். கணவர் இறந்தபின் நித்திரைக்கென்று தொடங்கிய அல்பிரசோலாம் குளிசையை அவர் வருடக்கணக்கில் விழுங்கிவந்தார். விடுமுறையில் வந்த மகன், தாய் இதற்கு அடிமையாகிவிட்டாரே என்ற கோபத்தில் இருந்ததெல்லாவற்றையும் கழிவறையில் கொட்டிவிட்டான். அன்றிரவு அவர் கண்மூடவில்லை. மறுநாள் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கியது. மூன்றாம் நாள் குசினியில் வலிப்பு வந்து விழுந்தார்.

அந்தக் குளிசை மூளையின் பரபரப்பை அடக்குவது. நாளடைவில் மூளை அதற்கு எதிராகத் தன்னை முடுக்கிக்கொள்வதால், குளிசையைச் சட்டென்று விட்டால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் கொடுப்பது நல்லதல்ல என்பது இதனால்தான். நம்மவர்கள் தூள் அடிப்பவனை மட்டுமே அடிமை என்பார்கள், மருந்துச் சிட்டையோடு வருபவரைச் சொல்ல மாட்டார்கள். ஹெரோயினை விடுபவன் வாந்தி, வயிற்றோட்டம், உடல் உளைவு என்று துடித்தாலும், உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிவிடுவான். உடல் அதை மறந்தபின் பழைய அளவையே மீண்டும் எடுக்கும்போதுதான் அவன் சாவது அதிகம். நாட்பட்ட குடியையும் இந்தக் குளிசைகளையும் திடீரென்று விடுவதோ, விடும்போதே உயிரைக் கொண்டுபோகக் கூடியது.

லண்டனில் இரவுப் பணியும் பரீட்சையுமாக நீ தனியே நின்று சமாளிப்பதை நான் சொல்லிப் பெருமைப்படாத ஆளில்லை. ஆனாலும் தொலைபேசியை எடுத்து இரண்டு வார்த்தை பேச உனக்கு நேரமில்லை. பேசியிருந்தால், உன் லாச்சியில் கிடந்த வெற்றுக் குளிசை அட்டையின் பின்புறத்தை நான் வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டி வந்திராது. அங்கே அரச மருத்துவத்தில் அந்தக் குளிசையை எழுதிக் கொடுப்பதில்லை. வெளியே கள்ளமாக விற்கும் போலிகளிலோ, மூச்சையே நிறுத்திவிடக்கூடிய நைட்டசீன் வகை மருந்துகள் கலந்திருந்ததை அந்நாட்டிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதை வாசித்த வேகத்தில் எல்லாவற்றையும் எறிந்துவிடாதே. மருத்துவரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல். பெரும்பாலும் நீண்ட நேரம் உடலில் நிற்கும் டயசிபாமுக்கு மாற்றி, சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். மாதக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும். அதுவரை மதுவோ, கொடீன், டிரமடோல் போன்ற வலிக்குளிசைகளோ கூடவே கூடாது. சேர்ந்தால் நித்திரையிலேயே மூச்சு அடங்கிவிடக்கூடும். மீண்டும் சொல்கிறேன், நீயாக நிறுத்தாதே.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, வழக்கம்போலப் பேசு. எனக்கு அளவையும், எவ்வளவு காலமாக என்பதையும் எழுது. ஏனென்று கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா