'பை' சொல்வதற்கு முன்னால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலை பிடித்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கிவிடுகிறேன், முடிக்கத்தான் தெரியவில்லை என்று எழுதியிருந்தாயே, இரண்டு நாளாக அதே யோசனைதான் எனக்கு.

'சீ யூ லேட்டர்' என்று சொல்லிப் போனவர் வருவார் என நீ காத்திருந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் உன்னை ஏமாற்றவில்லை. அந்த 'லேட்டர்' நாளையாகவும் இருக்கலாம், அடுத்த மாதமாகவும் இருக்கலாம். நாம் 'பார்க்கலாம்' என்று பிரிவதைப் போலத்தான். 'சீ யூ அட் ஃபைவ்' என்று நேரத்தோடு சொன்னால் காத்திரு.

'குட் பை' தப்பில்லை. ஆனால் தினமும் பார்ப்பவரிடம் முழுசாகச் சொன்னால் கொஞ்சம் கனமாக விழும். நீண்ட பிரிவு போல, சில நேரம் கோபம் போலவும் கேட்கும். வெறும் 'பை' போதும். 'காட் பி வித் யீ', அதாவது கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்ற வாழ்த்துதான் 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் சுருங்கி 'குட் பை' ஆனது. 'குட் டே' போன்றவற்றோடு புழங்கிப் புழங்கி 'காட்' என்பது 'குட்' ஆகிவிட்டது. அந்த வாழ்த்தின் வாஞ்சை இன்று 'டேக் கேர்' என்பதில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. நெருங்கியவர்களிடமும் உடம்பு முடியாதவர்களிடமும் அதையே சொல். 'குட் நைட்' கிளம்பும்போது மட்டும். இரவு ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்தாலும் 'குட் ஈவினிங்' தான்.

சரி, உன் சிரமம் கடைசிச் சொல்லில் இல்லை என்று நினைக்கிறேன். அதற்கு முந்தைய சொல்லில் இருக்கிறது. ஷெக்லாஃப், சாக்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் உரையாடல்கள் எப்படி முடிகின்றன என்று ஆராய்ந்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யாரும் திடீரென்று 'பை' சொல்வதில்லை. முதலில் ஒருவர் குரலைத் தாழ்த்தி 'வெல்' என்றோ 'ஓகே' என்றோ சொல்லி நிறுத்துகிறார். என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை, உனக்கு ஏதாவது இருக்கிறதா என்று வழிவிடுவது அது. மற்றவரும் 'ஓகே' என்றால்தான் 'பை'. அவருக்குப் பேச இன்னும் இருந்தால் அங்கேயே எடுத்துக்கொள்வார். எவ்வளவு மரியாதையான ஏற்பாடு, பார்!

பல வருடத்துக்கு முன் தொலைபேசியில் ஒரு பெரியவர் என்னிடம் மூன்று முறை 'எனிவே' என்றார். அதுவும் 'வெல்', 'ஓகே' போலப் பேச்சை முடிக்க வழிவிடும் சொல்தான். பிறகு 'ஐல் லெட் யூ கோ' என்றார். எனக்கு அவசரமில்லை என்று சொல்லி நான் பேசிக்கொண்டே இருந்தேன். உன்னைப் போகவிடுகிறேன் என்றது அவர் தான் விடைபெறுவதற்காகத்தான் என்று பின்னால் தெரிந்தபோது மிகவும் வருத்தப்பட்டேன். உனக்கு அப்படி நேரக்கூடாது.

நாளைக்கே முயன்று பார். 'எனிவே' என்று சொல்லி ஒரு மூச்சு நேரம் பொறு. எதிரில் இருப்பவர் என்ன செய்தார் என்று மறக்காமல் எழுது. அப்புறம், அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்