அளவு மாறவில்லை என்பது சான்று ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினிப் பாதுகாப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், 'ஃபைலின் அளவு மாறாமல் இருந்தால் வைரஸ் தொற்றவில்லை என்று நம்பலாம்' என்ற வரியைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். கல்லூரிக் கணினிக் கூடத்தைப் பல ஆண்டுகள் கவனித்து ஓய்வுபெற்றவன் நான். அந்த வரியை நம்பி இழந்தவன்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்தே என்னிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. புரோகிராமின் பெயர், அதற்கு நேராக அதன் அளவு, பைட் கணக்கில். திங்கட்கிழமை காலையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் அடிப்பேன். ஜெருசலேம் வைரஸை அப்படித்தான் பிடித்தேன். 1987-ல் கண்டறியப்பட்ட அந்த வைரஸ், காம், எக்ஸி என்ற இரண்டு வகைப் புரோகிராம் ஃபைல்களில் தொற்றும்; காம் ஃபைல்களில் 1813 பைட் கூட்டிவிடும். எக்ஸி ஃபைலில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறோமா என்று அதற்குத் தெரியாது. ஓட்ட ஓட்ட மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஃபைல் வீங்கி, கடைசியில் மெமரியில் ஏறவே ஏறாது. எழுதியவர் விட்ட பிழைதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

அந்தப் பிழை இல்லாதவையும் வந்தன. 4096 என்று ஒரு வைரஸ். மெமரியில் உட்கார்ந்துகொண்டு, யாராவது ஃபைலின் அளவைக் கேட்டால் தன் 4096 பைட்டைக் கழித்துவிட்டுப் பழைய எண்ணைச் சொல்லும். எழுத முடியாதபடி பூட்டிய சுத்தமான ஃபிளாப்பியிலிருந்து கணினியைத் துவக்கிப் பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

என் நோட்டை முழுதாகத் தோற்கடித்தது சிஐஎச் என்ற வைரஸ். 1998-ல் வந்தது, விண்டோஸ் 95, 98 புரோகிராம்களில் தொற்றும். அந்தப் புரோகிராம்கள் பகுதி பகுதியாக அடுக்கப்பட்டவை. ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் கொஞ்சம் காலியிடம் விட்டிருக்கும். ஏறக்குறைய ஒரு கிலோபைட் அளவே உள்ள சிஐஎச், தன்னைத் துண்டு துண்டாக்கி அந்தக் காலியிடங்களில் ஒளித்துக்கொள்ளும். ஃபைலின் அளவு ஒரு பைட்கூட அதிகரிக்காது. மாணவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கொண்டுவந்த சிடியிலிருந்து நான்தான் அந்த வைரஸ் ஒளிந்திருந்த ஒரு மென்பொருளை எல்லாக் கணினிகளிலும் ஏற்றினேன். தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்த வகை வைரஸ் பெரும்பாலும் தெரிந்தவர் கையிலிருந்துதான் வரும், அவருக்கே தெரியாமல்.

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. வைரஸ் விழித்துக்கொள்ளக் குறித்துவைத்திருந்த நாள். கணினிகள் ஒவ்வொன்றாக உறைந்து நின்றன. ஸ்விட்சை மறுபடி போட்டேன். எட்டு கணினிகளில் மின்விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. ஹார்டு டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, கணினியைத் துவக்கும் பயாஸ் சிப்பிலும் அது கை வைத்திருந்தது. இறுதியாண்டு மாணவி ஒருத்தி தன் புராஜெக்ட் இருந்த கணினியின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பின்னால் வந்த சாலிட்டி, விருட் போன்றவை ஒவ்வொரு பிரதியிலும் தம் உருவத்தையே மாற்றிக்கொள்பவை. தம் நிரல் வரிகளைச் சங்கேதமாக்கிப் பூட்டி, ஒவ்வொரு முறையும் சாவியையும் பூட்டைத் திறக்கும் வரிகளையும் மாற்றிவிடும். தெரிந்த உருவத்தைத் தேடிப் பிடிக்க முடியாது என்பதால்தான் ஆன்ட்டிவைரஸ், புரோகிராமை மென்பொருளால் ஆன ஒரு போலிப் பிராசசரில் ஓடவிட்டு, உள்ளே இருப்பது தானாகத் திறக்கும்வரை காத்திருக்கிறது.

ஆகவே அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒப்பிட வேண்டியது ஃபைலின் ஹாஷ் எண்ணை, அதாவது ஃபைலின் உள்ளே இருப்பது முழுவதையும் வைத்துக் கணக்கிடும், கைரேகை போன்ற எண்ணை. உள்ளே ஒரு பைட் மாறினாலும் அது மாறிவிடும். கணினி சுத்தமாக இருக்கும்போதே அதை எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால், அந்தக் கணினி சொல்வதை நம்பாமல் வெளியிலிருந்து துவக்கிச் சரிபார்க்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. 1999 ஏப்ரல் 19-ம் தேதிக்கு நேராக எல்லாக் கட்டங்களிலும் டிக் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினிக் கூடப் பொறுப்பாளர்