பிரிட்ஜின் பின்பக்கத்தையும் பார் பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளவத்தை வீட்டுக்குச் சாமான்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன என்று நீ சொன்னபோது, பிரிட்ஜை எங்கே வைத்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பேரன் போனைப் பறித்துக்கொண்டான். அதனால் எழுதுகிறேன். கொழும்பில் பிரிட்ஜ் திருத்தித்தான் உங்களைப் படிக்க வைத்தேன். இந்த விஷயத்தில் அப்பா சொல்வதைக் கேள்.

எல்லோரும் உள்ளே துடைப்பார்கள், பின்பக்கத்தைப் பார்க்கமாட்டார்கள். கீழே கொம்பிரசருக்கு, அதாவது காஸை அழுத்தி ஓட்டும் மோட்டருக்கு, மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். உள்ளே உருகும் ஐஸ் தண்ணீர் குழாய் வழியாக அதில் வந்து விழும். கொம்பிரசரின் சூட்டில் அது காய்ந்துவிட வேண்டும். ஆனால் கொழும்பின் ஈரக் காற்றில், அதுவும் கதவை நொடிக்கொரு தரம் திறக்கும் வீட்டில், முழுவதும் காயாது. டெங்கு நுளம்பு முட்டையிட அவ்வளவு தண்ணீர் போதும். போன் வெளிச்சத்தை அடித்துப் பார். குடம்பி, அதுதான் நுளம்புப் புழு, இருந்தால் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும். 2017இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது உனக்கு நினைவிருக்கும். வாசலில் சிரட்டையையும் பூச்சாடியையும் கவிழ்த்துவிட்டு, குசினிக்குள்ளேயே நுளம்பு வளர்க்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதனால் கிழமைக்கு ஒரு தடவை, சனிக்கிழமை என்று வைத்துக்கொள், பிளக்கைக் கழற்றிவிட்டுத் தட்டைப் பார். கொம்பிரசர் சுடும், கொஞ்சம் ஆறவிடு. தட்டு கழன்று வந்தால் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓரங்களைப் பிரஷால் நன்றாகத் தேய். முட்டை ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. கழன்று வராத தட்டு என்றால் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு ஓரத்தைத் தேய்த்துவிடு. யாழ்ப்பாணத்துக்கு வந்து பத்து நாள் நிற்பதானால் கிளம்பும் அன்று கட்டாயம் செய்.

அப்படியே பின்னால் படிந்த தூசியையும் மென்மையான பிரஷால் தட்டிவிடு. தூசி அடைத்தால் சூடு வெளியே போகாது, கொம்பிரசர் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். உங்கள் வீடு கடலோரம். உப்புக் காற்றுக்குக் குழாய்கள் சீக்கிரம் கறள் பிடிக்கும். ஜன்னலுக்கு நேரே வைக்காதே, சுவரோடு ஒட்டியும் வைக்காதே.

சரி, இனி கரண்ட். பிளக்கைச் சுவரில் உள்ள மூன்று துளை சாக்கெட்டில் நேரடியாகச் சொருக வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். கேத்தலும் ரைஸ் குக்கரும் சொருகியிருக்கும் மல்டி பிளக்கில் பிரிட்ஜைச் சேர்க்காதே. கதவைத் தொடும்போது விரலில் சுருக்கென்று பட்டால், செருப்புப் போட்டுக்கொண்டால் சரி என்று விடாதே. பிரிட்ஜை மறுபடி தொடாமல் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. பேரன் வெறுங்காலோடு ஓடித் திரிகிறான்.

கரண்ட் போனால் கதவைத் திறக்கவே வேண்டாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் பட்ட ஒரு குரங்கால் நாடே இருண்டது. இனியும் நடக்கலாம். கதவு மூடியிருந்தால் பிரீசருக்குக் கீழே உள்ள பகுதியில் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். நிரம்பிய பிரீசரில் இரண்டு நாள் நிற்கும், பாதி நிரம்பியதில் ஒரு நாள். கீழே இருந்த மீன், இறைச்சி, பால், சமைத்த கறியை அந்த நாலு மணி நேரத்துக்கு மேல் நம்பாதே. கரண்ட் வந்தவுடனும் பிரிட்ஜைப் போட்டுவிடாமல் ஐந்து நிமிஷம் பொறு.

மீனில்தான் எனக்குப் பயம் அதிகம். கெலவல்லா, பலயா போன்ற சூரை வகை மீன் வெயிலில் கொஞ்சம் கிடந்தாலே ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறிவிடும். பொரித்தாலும் போகாது, ஐஸில் வைத்தாலும் போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு கடிக்கும். சந்தையில் வாங்கினால் நேராக வீட்டுக்கு வா, வழியில் கடை கடையாக ஏறாதே. மிஞ்சிய சோற்றையும் இரவு முழுக்க மேசையில் விடாதே. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். உள்ளே 4 பாகைக்கு மேல் போகக்கூடாது. ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வாங்கி நடுத்தட்டில் வைத்துப் பார்.

இன்னொன்று. பிரீசரில் ஐஸ் தடித்தால் கத்தியால் குத்தாதே. இப்போதைய பிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன் காஸ்தான், அது தீப்பிடிக்கும். குழாயில் ஓட்டை விழுந்து சீறும் சத்தம் கேட்டால் சுவிச் எதையும் தொடாமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அடுப்பு எரிந்தால் அணைத்துவிட்டு, பேரனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடு. ஐஸ் போக வேண்டுமென்றால் பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்து வை, தானாக உருகும்.

பின்பக்கத்திலோ உள்ளே ஓரத்திலோ ஒரு லேபல் ஒட்டியிருக்கும். அதில் காஸின் பெயர் ஆர்600ஏ (இதுதான் ஐசோபியூட்டேன்) என்றோ ஆர்134ஏ என்றோ போட்டிருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பு, எந்தக் காஸ் என்று பார்த்துச் சொல்கிறேன். தட்டையும் ஒரு படம் எடு. மருமகனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா